முல்லைத்தீவுக் கடலுக்குள் படம் பிடிக்க எந்தச் சின்னக் கமரா நல்லது?

அளம்பில் ரீச்சர்:

வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் பலர் அளம்பில், செம்மலைப் பக்கத்துக் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். கடலட்டை என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அது வாயைச் சுற்றியிருக்கும் உணர்கொம்புகளால் சேற்றை அள்ளித் தின்பதை ஒருவரும் கண்டதில்லை. அதை எங்கள் கடலிலேயே படம் எடுத்து அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வவுனியாவில் ஒரு கடையில் பாவித்த கமரா இரண்டு இருக்கிறது: நிக்கோன் கூல்பிக்ஸ் டபிள்யூ300, ஒலிம்பஸ் ரீஜி-6. விலையில் பெரிய வித்தியாசமில்லை. நிக்கோன் 30 மீற்றர் வரை தண்ணீர் தாங்குமாம், ஒலிம்பஸ் 15 தான். அதனால் மனம் நிக்கோன் பக்கம் சாய்கிறது. மச்சாள் கோப்ரோ என்ற சின்ன வீடியோக் கமராவை வாங்கச் சொல்கிறாள். நான் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக் கரையோரப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டின் மேலேதான் மிதப்பேன். தம்பி சங்கு குளிக்கப் போகிறவன், சிலவேளை அவனிடமும் கொடுத்துவிடலாம். எதை எடுக்கட்டும்?

வங்காலைக் கரை:

ரீச்சர், அந்த ஆழக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெட்டியில் பெரிதாக அடித்திருப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறோம். மூச்சுக்குழாயோடு மிதக்கிறவருக்கு மூன்று, நான்கு மீற்றருக்குக் கீழே வேலையில்லை. மன்னாரில் எங்கள் வங்காலைக்கு வடக்கே, பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் கடலே 15 மீற்றர் இருக்காது.

எங்கள் கடலில் படத்தைக் கெடுப்பது கலங்கல்தான். தண்ணீரில் தூசி மிதக்கிறது. கமராவுக்கும் கடலட்டைக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவுக்குப் படம் மங்கும். ஆகவே கிட்டப் போக வேண்டும், கையெட்டும் தூரத்துக்குள். சூம் பண்ணி இழுத்தால் உருவம் பெரிதாகும், நடுவில் நிற்கிற கலங்கல் அப்படியே இருக்கும். இன்னொன்று, தண்ணீருக்குள் எல்லாம் காற்பங்கு கிட்டத் தெரியும். கிட்ட வந்துவிட்டோம் என்று கண் சொல்லும்போது இன்னும் ஒரு சாண் முன்னே போங்கள்.

அதனால் நான் ரீஜி-6 என்றுதான் சொல்வேன். நிக்கோனும் ஒரு சென்ரிமீற்றர் வரை கிட்டப் பிடிக்கும், ஆனால் சூம் பண்ணாமல் லென்சை அகல வைத்திருக்கும்போதுதான். ஒலிம்பசின் மைக்ரோஸ்கோப் முறையில் சூம் முழுவதிலும் அந்த ஒரு சென்ரிமீற்றர் கிடைக்கிறது. லென்சின் திறப்பு எஃப்2.0 (எண் சிறிதானால் திறப்பு பெரிது); நிக்கோனின் எஃப்2.8ஐ விட ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கலங்கல் தண்ணீரில் இது பெரிய விஷயம். அப்புறம் அது 'ரோ' கோப்பாக, அதாவது கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகப் படத்தைச் சேமிக்கும், டபிள்யூ300இல் அது இல்லை. தண்ணீர் முதலில் குடிக்கிற நிறம் சிவப்பு. ஐந்து மீற்றரிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும், சிவந்த மீனும் சாம்பலாகத்தான் தெரியும். ரோ கோப்பு இருந்தால் வீட்டில் கணினியில் அந்த நிறத்தை ஓரளவு மீட்கலாம். தண்ணீருக்குள்ளேயே சரிக்கட்ட விரும்பினால் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டைக் கொண்டுபோய், அந்த ஆழத்தில் அதைப் பார்த்து வைற் பலன்சை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை) பிடித்துக்கொள்ளுங்கள். ஆழம் மாறினால் திரும்பவும் பிடிக்க வேண்டும்.

பிளாஷை நிறுத்தி வையுங்கள். லென்சுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கிற வெளிச்சம் தூசியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக வரும். தண்ணீருக்குள் பிடிக்கிற ரோச் ஒன்றை வாங்கி, கையை விரித்துப் பக்கவாட்டில் அடியுங்கள்.

கோப்ரோ வீடியோவுக்கு அருமையான சாமான். ஆனால் ஓரடிக்குள் போனால் கூர்மை போய்விடும். அட்டையின் வாயைக் காட்ட அது உதவாது.

பழைய சுழியோடி:

வங்காலைக்காரர் சொன்னது ரீச்சருக்குச் சரி, தம்பிக்குச் சரியில்லை. சிலிண்டரோடு சங்குக்கு இறங்குகிறவன் 15 மீற்றரில் நிற்பான் என்று என்ன உறுதி? சங்கைக் கண்டால் கீழே போவான். இடுப்பில் கமரா கிடப்பது அந்த நேரம் ஞாபகம் வராது. அவனிடம் கொடுப்பதென்றால் நிக்கோன், இல்லையென்றால் ஒலிம்பசுக்கு அவர்களே செய்த வெளிக்கூடு இருக்கிறது, 45 மீற்றர் தாங்கும். ஆனால் கூட்டின் விலையையும் விசாரித்துக்கொண்டு முடிவெடுங்கள். கூட்டுக்குள் வைத்தால் பொருளோடு ஒட்டி எடுக்கவும் முடியாது.

வங்காலைக் கரை:

அண்ணை சொல்வது நியாயம். ரீச்சர், தொழிலுக்குப் போகிற நாளில் தம்பியிடம் கமராவைக் கொடுக்காதீர்கள். தொழில் இல்லாத நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பார் எங்கே, அட்டை எந்த மணலில் கிடக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

அளம்பில் ரீச்சர்:

இருவருக்கும் நன்றி. தம்பியோடு பேசிவிட்டேன், ஒலிம்பஸ்தான். எந்த மாதம் இறங்கலாம்? பாவித்த கமராவில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வங்காலைக் கரை:

உங்கள் பக்கம் வாடைக்காலத்தில், வடகிழக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வேண்டாம். மழையில் நாயாறு, நந்திக்கடல் களப்புகள் கடலோடு சேரும் தொடுவாயை உடைத்தால் கரையெல்லாம் சேற்றுத் தண்ணீர்தான். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, உங்களுக்குத் தரைக்காற்று, கரையோரம் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் காலை வேளையில் இறங்குங்கள். எங்களுக்கு அது மறுவளம், சோளகம் வந்தால் நாங்கள் கரையில்.

கடையில் பற்றரி மூடியையும் பக்க மூடியையும் திறந்து, உள்ளே ஓடுகிற இறப்பர் பட்டியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தலைமயிர், ஒரு மணல் போதும், தண்ணீர் போய்விடும். பட்டி வெடித்திருந்தாலோ, உள்ளே இருக்கிற உலோகத்தில் பச்சை பிடித்திருந்தாலோ வாங்க வேண்டாம். முன்கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கடலுக்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள். கடலால் வந்தால் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தான்களை அழுத்தி உப்பைக் கழுவுங்கள். கரையோரக் கிணறு உவராக இருந்தால் குடிக்கிற தண்ணீரை எடுங்கள். வள்ளத்தில் வெயில் படாமல் ஈரத்துணியால் மூடி வையுங்கள். சூடேறிய கமராவைத் தண்ணீரில் இறக்கினால் கண்ணாடிக்குள் ஆவி படியும். இந்தக் கமரா தாழும், கைநழுவினால் அவ்வளவுதான். வலைக்குக் கட்டுகிற சின்ன மிதப்பு ஒன்றைக் கமராவின் கைப்பட்டியில் கட்டிவிடுங்கள், தம்பியிடம் கட்டாயம் இருக்கும்.