மிருதங்கத்தின் மேல் 6 கிராம் ஒட்டி அளந்தது செல்லுமா?

தரவுநேசன்: மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்), கரணை (நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு) ஓரமாக 6 கிராம் சென்சார் ஒட்டி, சின்னச் சுத்தியலால் 24 இடங்களில் தட்டி, மைக்கில் ஒலியையும் பதிந்தேன். அதிலிருந்து 5 அதிர்வு முறைகளை (தோல் அதிரும் வடிவங்களை) மட்டும் எடுத்து, என் போன் செயலிக்கு எளிய மாதிரி தயார். உள்ளே இருக்கும் காற்றைச் சேர்க்கவே தேவையில்லை.

வலந்தலை: 6 கிராமா? வெறும் தோலில் இரண்டாவது சுரம் (அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேல் ஒலி) முதலாவதைப் போல 1.59 மடங்கு. அதை 2 மடங்குக்குக் கொண்டுவருவதே கரணையின் எடைதான். ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, அப்புறம்தான் அடுத்த பூச்சு வைக்கிறார்கள். நீங்கள் ஒட்டியது இன்னொரு கரணை.

தரவுநேசன்: 3 கிராமிலும் அளந்தேன். இரண்டையும் வைத்து எடையே இல்லாவிட்டால் என்ன வரும் என்று திருத்திவிட்டேன். கேட்காமலே பாய்வது உங்கள் பழக்கம்.

வலந்தலை: மூன்றாவது சுரத்தில் இரண்டு முறைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 3 கிராமே அவற்றைப் பிரித்துவிடும். அப்புறம் எதை எங்கிருந்து திருத்துவீர்கள்? போன வருடம் வீணைக் குடத்துக்கும் இதே கதை சொன்னீர்கள், மறக்கவில்லை.

மணல்மேடை: இயற்பியலாளர் சி.வி. ராமன் தோலில் மணல் தூவிப் பார்த்துச் சொன்னது, 9 முறைகள் சேர்ந்து 5 சுரங்கள் என்று. நண்பர் 5 சுரத்தை 5 முறை என்று எடுத்துக்கொண்டாரோ?

தரவுநேசன்: என் செயலி போனில் ஓட வேண்டும். காதுக்கு 5 போதும்.

பலாக்கட்டை: யார் காதுக்கு? உங்கள் மிருதங்கத்தின் கட்டை பலாவா, ஃபைபரா? ஃபைபர் என்றால் பேச்சே வேண்டாம்.

தரவுநேசன்: ஃபைபர்தான். அதில் என்ன குறை? மழைக்காலக் கச்சேரிக்கு உங்கள் பலாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

பலாக்கட்டை: முப்பது வருடமாகத் தூக்குகிறேன். நாதம் தெரிந்தவரோடு பேசுகிறேன், உங்களோடு இல்லை.

வலந்தலை: பலாவை விடுங்கள். நேற்று ராத்திரி வலந்தலையில் பொடிமணல் தூவி, ரவைப் பசை வைத்த தொப்பியை (இடப்பக்கத் தோலை) ஒரு தட்டுத் தட்டினேன். மணல் துள்ளி, கரணையைச் சுற்றி ஒதுங்கியது. நடுவில் காற்று இல்லாமல் அது எப்படி வந்தது?

தரவுநேசன்: கட்டை வழியாகவும் வரும். ரவை இல்லாமல்தான் நான் அளந்தேன், அது தனி விஷயம்.

வலந்தலை: ரவையும் இல்லை, காற்றும் இல்லை, மேலே 6 கிராம் மட்டும் இருக்கிறது! லேசரால் அளந்த ஒரு வரைபடம் போடுங்கள், பேசலாம்.

தரவுநேசன்: லேசர் வாங்கிக் கொடுங்கள், போடுகிறேன்.

வலந்தலை: 6 கிராமுக்குப் பதில் இன்னும் வரவில்லை.