டி ஸ்ட்ரூப்பரின் 30 ஆண்டு ஆய்வு: நோயாளிக்கு என்ன கிடைத்தது?

கதிர்வேல்:
பெல்ஜியத்தின் லூவன் நகரில் அல்சைமர் நோயின் செல் உயிரியலை ஆராயும் பார்ட் டி ஸ்ட்ரூப்பரைப் புகழ்ந்து நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 2018இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், சரி. ஆனால் என் மாமனாரை 6 வருடம் இந்த நோயோடு வைத்துப் பார்த்தவன் நான். கடைசி ஒரு வருடம் என்னைத் தன் தம்பி என்றே நினைத்தார். அமிலாய்டு, அமிலாய்டு என்று ஒரே புரதத் துண்டின் பின்னால் ஒரு தலைமுறை அறிவியலாளர்களே போய்விட்டார்கள். இவரும் அதில் ஒருவர்தானே?

நிறைமதி:
அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. அமிலாய்டு பீட்டா வெளியிலிருந்து வரும் விஷம் இல்லை. செல் சவ்வில் இருக்கும் பெரிய புரதம் ஒன்றை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது கிடைக்கும் துண்டு. இரண்டாவது வெட்டு சவ்வுக்குள்ளேயே நடக்கிறது. அதைச் செய்வது எது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிரெசெனிலின்-1 இல்லாத எலிக் கருக்களின் நரம்புச்செல்களை எடுத்துப் பார்த்து, அந்தப் புரதம் இல்லாவிட்டால் வெட்டு பெருமளவு நின்றுபோகிறது என்று 1998இல் காட்டியது அவர் குழு. இளவயதிலேயே குடும்பம் குடும்பமாக நோயைக் கொண்டுவரும் மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை இருப்பதும் இதே பிரெசெனிலினில்தான். நோயின் மரபணுவும் செல்லுக்குள் நடக்கும் வேலையும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

கதிர்வேல்:
அந்த அறிவை வைத்துத்தானே அந்த இரண்டாவது வெட்டைச் செய்யும் காமா-செக்ரெட்டேஸ் என்ற நொதியை அடைக்கும் மருந்தைச் செய்தார்கள்? எலி லில்லி நிறுவனத்தின் செமகாசெஸ்டாட். 2010இல் சோதனையையே நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் நினைவாற்றல், சாப்பிடாதவர்களைவிட மோசமானது. தோல் புற்றுநோயும் கூடியது. ஏதோ நன்மை நடக்கும் என்று நம்பி வந்த 2,600க்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

நிறைமதி:
ஆமாம், அது பெரிய துயரம். ஆனால் எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நாட்ச் என்ற புரதத்தையும் அதே நொதிதான், கத்தரி மாதிரி, வெட்டுகிறது என்று 1999இலேயே அவர் குழு காட்டிவிட்டது. தோல், குடல் செல்கள் ஒழுங்காக வளர நாட்ச் வேண்டும். அந்த நொதியை அடைத்தால் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கை, சோதனை தொடங்குவதற்கு ஏறத்தாழ 9 வருடம் முன்பே இருந்தது. தோல்விக்குப் பிறகும் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அந்தச் சோதனை எங்கே பிழைத்தது என்று 2014இல் தனிக் கட்டுரையே எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

மருத்துவர்_ஒருவர்:
நடுவில் ஒன்று சொல்கிறேன். குடும்பவழி மாற்றங்களால் கத்தரி அதிகம் வெட்டுகிறது என்றுதான் பலர் நினைத்தோம். டி ஸ்ட்ரூப்பரும் ஆய்வாளர் லூசியா சாவேஸ்-குத்தியெரெஸும் காட்டியது வேறு. கத்தரியின் பிடி நழுவுகிறது. துண்டைப் படிப்படியாகக் குறுக்க வேண்டிய நொதி, பாதியிலேயே விட்டுவிடுகிறது. எளிதில் ஒட்டிக்கொள்ளும் நீளமான துண்டுகள் மிஞ்சிவிடுகின்றன. இது தெரிந்த பிறகு நொதியை அடைக்கலாமா என்ற பேச்சு போய், அதன் பிடியை உறுதியாக்க முடியுமா என்ற பேச்சு வந்தது.

கதிர்வேல்:
விளக்கம் நன்றாக இருக்கிறது டாக்டர். ஆனால் இன்று கையில் இருப்பது அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் ஊசி. 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது என்கிறார்கள். அதே கணக்கை நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் பார்த்தால் 0.45 புள்ளிதான் வித்தியாசம். மூளை வீக்கம் 100 பேரில் 12, 13 பேருக்கு. அமிலாய்டை அள்ளி எடுத்த பிறகும் நோய் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேர் வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நிறைமதி:
அதையேதான் அவரும் கேட்டார், அண்ணா. 2016இல் ஆய்வாளர் எரிக் கரனோடு சேர்ந்து "செல் கட்டம்" என்று எழுதினார். அமிலாய்டு படியத் தொடங்கியதற்கும் மறதி வெளியே தெரிவதற்கும் இடையே நீண்ட காலம் இருக்கிறது. அப்போது மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, நரம்புச்செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட், ரத்தக்குழாய்ச் செல்கள் எல்லாம் எப்படி மாறுகின்றன என்பதுதான் அங்கே கேள்வி. அப்புறம் 2023இல் அமிலாய்டு படியும் எலி மூளைக்குள் மனித நரம்புச்செல்களை நட்டுப் பார்த்தார்கள். மனிதச் செல்களில் டௌ என்ற புரதத்தின் முடிச்சுகள் வந்தன, அவை செத்தன. பக்கத்திலேயே இருந்த எலிச் செல்கள் சாகவில்லை. சாகும் செல்களில் எம்.இ.ஜி.3 என்ற ஆர்.என்.ஏ. கூடியிருந்தது. அதைக் குறைத்தபோது செல்கள் பிழைத்தன.

கதிர்வேல்:
இது எனக்குப் புதிது. எலியில் வேலை செய்த மருந்தெல்லாம் மனிதனில் ஏன் தோற்றது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன், செல்லே வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று தோன்றவில்லை. 1999 எச்சரிக்கை விஷயத்தில் நான் அவர்மேல் வைத்த குற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பணமும் காலமும் ஒரே பக்கம் போனது பற்றிய குறை மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டர், அந்த எம்.இ.ஜி.3 வழியை அடைக்க மனிதரில் ஏதாவது முயற்சி நடந்தால் இங்கே எழுதுங்கள். என் மனைவிக்கு இப்போது 52 வயது.