ரெண்டு பேர் பார்த்த ஒரே சண்டை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

முதுகலை ஆய்வேட்டுக்காக எங்க ஊர் (கேரளா, பாலக்காடு மாவட்டம்) அங்கன்வாடி ஒன்றில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக் குறிச்சோம். நானும் மதுரைப் பக்கத்துத் தோழி ஒருத்தியும். பத்து விநாடிக்கு ஒரு கட்டம். அதுக்குள்ள ஒரு பிள்ளை இன்னொண்ணைத் திட்டினா டிக். ஒருத்தி தாளை மற்றவ பார்க்கக் கூடாது.

நூறு கட்டத்தில் 90 ஒத்துப்போச்சு. சந்தோஷமாக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கைடு காப்பா கணக்கைப் போட்டார். ரெண்டு பேர் குறிப்பு தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்ற எண் அது, முழுசா ஒத்துப்போனா 1. எங்களுக்கு வந்தது 0.23.

அழுகையே வந்துருச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, 88 கட்டம் ரெண்டு பேர் தாளிலும் காலி. திட்டு அபூர்வமா வர்ற இடத்தில் சும்மா காலியா விட்டாலும் ஒத்துப்போகும். நான் 8 டிக், அவ 6. இதுக்குத் தற்செயலாவே 87 கட்டம் பொருந்திடும். அந்தத் தற்செயலைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாருன்னுதான் 1960-ல் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் சொன்னார். மிச்சம் 13. அதில் எங்களுக்குத் தேறினது 3 (90-ல் 87 போக). 3-ஐ 13-ஆல் வகுத்தா அந்த 0.23. ரெண்டு பேரும் சேர்ந்து குறிச்ச திட்டு இரண்டே இரண்டு!

ராத்திரி தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வெச்சு ஒவ்வொண்ணாப் பேசினோம். நான் மட்டும் குறிச்ச ஆறும் 'பட்டி'. மலையாளத்தில் நாய்னு வசவு. அவ காதுக்கு அது ஆட்டுப்பட்டி. அவ மட்டும் குறிச்ச நாலும் 'போடா'. அது கூட்டாளி தோள்ல கைபோட்டுச் சொல்ற பேச்சுன்னு நான் விட்டிருந்தேன்.

வரையறையைத் திருத்தி எழுதினோம். எதெல்லாம் வசவுன்னு ரெண்டு மொழியிலும் பட்டியல். சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் டிக், சிரிப்புக்குத் தனிக் கட்டம். அடுத்த நூறில் காப்பா 0.84. பழைய தாளையெல்லாம் ஒதுக்க வேண்டியதாப் போச்சு. அது இன்னமும் மனசுல கிடக்கு.

ஆந்திராவின் குப்பத்திலிருந்து:

அக்கா, எங்களுக்கு நேர்மாறு. தமிழ், தெலுங்கு ரெண்டும் தெரிஞ்ச ரெண்டு பேர். காப்பா ஏறிக்கிட்டே போச்சு. ஒரே பஸ், ஒரே டிபன் டப்பா, வழியெல்லாம் பிள்ளைங்க பேச்சுதான். முதல் மாச வீடியோவை மறுபடி குறிச்சப்போ எங்க பழைய குறிப்போடவே நாங்க ஒத்துப்போகலை. ரெண்டு பேரும் கைகோத்து வரையறையை விட்டே நகர்ந்திருந்தோம். சரிபார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா குறிக்கிறவங்க ஒத்துப்போறதும், தெரியாதப்போ அது குறையறதும் உண்டுன்னு 1970-லேயே ஆய்வாளர் ஜான் ரீட் காட்டியிருக்கார். எந்த நாள் தாளை ஒப்பிடப்போறோம்னு முன்கூட்டியே தெரியாம இருக்கிறது நல்லது அக்கா.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நன்றி தம்பி. எங்க அங்கன்வாடியில் வீடியோவுக்கு அம்மாமார் சம்மதிக்கலை. நாங்களும் நகர்றோமான்னு பார்க்க, பட்டியலை மட்டும் படிச்ச மூணாவது ஆளை எப்பவாவது நேர்ல உட்கார வெச்சா போதுமா? யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.