உணவு டெலிவரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கோவை, திருப்பூர், ஈரோடு அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

புதிதாகச் சேர்கிற தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எவ்வளவுங்ண்ணா நிக்கும்?" என்பதுதான். சேரும்போது அவர்களிடம் சொல்லப்படும் தொகை, காலையிலிருந்து ராத்திரி வரை லாகினில் கிடந்து எல்லா இன்சென்டிவையும் (ஊக்கத்தொகை) பிடித்தால் வருவது. பெட்ரோல், ஆயில், டயர் போக மிஞ்சுவது வேறு. அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் கீழே சேர்த்து எழுதுங்கள்.

சேர்வது பெரிய வேலை இல்லை. ஆதார், பான், லைசென்ஸ், ஆர்சி புக், இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு, ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த லைசென்சை வைத்துக்கொண்டு அப்பாவின் பைக்கை ஓட்டலாம் என்று சிலர் வருகிறார்கள், அது செல்லாது. சாப்பாடு வைத்துத் தோளில் மாட்டுகிற பைக்கும் டீ-ஷர்ட்டுக்கும் பிடிக்கிற பணம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதைச் சேரும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. ஆர்.எஸ்.புரத்தில் பார்சல் எடுத்து வடவள்ளி தாண்டிக் கொடுக்கிறீர்கள், போக 9 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அடுத்த ஆர்டர் விழாது, காலியாகத் திரும்ப இன்னொரு 9. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிற வண்டியில், பெட்ரோல் 100 ரூபாய் என்றே போட்டாலும் 40 ரூபாய் அதிலேயே போச்சு, நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. திரையில் பெரிய தொகை தெரிகிறதே என்று தூரத்து ஆர்டராக ஓடுகிறவரைவிட, காந்திபுரம், சாய்பாபா காலனி, ஆர்.எஸ்.புரம் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் கையில்தான் பொழுதோட காசு நிற்கிறது. கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாத ஏரியா என்றால் யோசித்து எடுங்கள்.

நேரம் ரோட்டில் போவதைவிட வாசலில்தான் அதிகம் போகிறது. சரவணம்பட்டிப் பக்கம் பெரிய அடுக்குமாடிகளில் வண்டியை வெளியே நிறுத்தி, நோட்டில் பெயர், போன் நம்பர், வீட்டு எண் எழுதி, செக்யூரிட்டி மேலே போன் போட்டு அவர்கள் எடுத்து, அப்புறம் சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே போனால் "அடுத்த பிளாக்குங்க" என்பார்கள். நான் ஹோட்டலிலிருந்து கிளம்பும்போதே வாடிக்கையாளருக்குப் போன் செய்து பிளாக்கையும் எந்த கேட் என்பதையும் கேட்டுவிடுவேன். அதே போல அவினாசி ரோட்டில் புதுப் பாலம், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்தது. நல்ல பாலம், ஆனால் மேப்புக்கு நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று பல சமயம் தெரிவதில்லை. கடை கீழே இருக்கும், நீங்கள் மேலே ஏறியிருந்தால் இறங்குவதற்குச் சில இடங்கள்தான் உண்டு. ஏறும் முன்பு கடை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்திப்பைச் சொல்ல வேண்டும். ராத்திரி நேரம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஆர்டர் வெறும் கஞ்சியும் துவையலும். உள்ளே விடமாட்டார்கள், வார்டில் இருப்பவர் இறங்கி வர வேண்டும். போன் எடுத்தவர் மலையாளம் கலந்த தமிழில் "அம்மாவுக்கு டிரிப்ஸ் மாத்துறாங்க, கொஞ்சம் நிக்க முடியுமா" என்றார். நின்றேன். பாலக்காட்டுக்காரர், அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டி வந்திருக்கிறார், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். கஞ்சி சூடாக இருக்கிறதா என்று டப்பாவின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். "நாளைக்கும் நீங்களே கொண்டு வருவீங்களா?" என்றார். யாருக்கு ஆர்டர் விழும் என்பது நம் கையில் இல்லையே. அதனால் அவர் போனை வாங்கி, முகவரிக் குறிப்பில் "பின்பக்க கேட், வார்டு லிஃப்ட் பக்கம்" என்று எழுதிக் கொடுத்தேன், அடுத்து யார் வந்தாலும் அலைய வேண்டாம் என்று. அந்த நேரத்தில் இன்னொரு ஆர்டர் பார்த்திருக்கலாம்தான், இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மழையில் கூடுதல் காசு வரும், உண்மை. ஆனால் லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பக்கத்து ரயில் பாலங்கள் இரண்டுக்கும் கீழே தண்ணீர் நின்றால் இறங்கவே இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். தாமதத்துக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை.

திருப்பூரிலிருந்து:

அண்ணா சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும், ஆனால் இங்கே கிழமையும் முக்கியம். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், அன்றைக்கு ராத்திரியும் ஞாயிறு மத்தியானமும் பிரியாணி ஆர்டர்தான். லைன் வீடுகளுக்குப் பாதிக்குமேல் கதவு எண் இருக்காது, மேப் முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் இருக்கிற கம்பெனி பெயரைக் கேளுங்கள், அது தெரிந்தால் தடம் தெரிந்த மாதிரி. ஒடிசா, பீகார் பசங்க நிறைய. இந்தி தெரியாவிட்டால் போனில் கத்த வேண்டாம், லொகேஷன் அனுப்பச் சொன்னால் போதும்.

ஒரு ரூமில் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு பிரியாணி பக்கெட் வாங்குவார்கள், பணம் ரொக்கம், பத்தும் இருபதுமாக எண்ணித் தருவார்கள். பொறுமையாக எண்ணி வாங்குங்கள். கையில் ரொக்கம் ஆப் வைத்திருக்கிற லிமிட்டைத் தாண்டினால் ஆர்டர் வருவது நின்றுவிடும், அதனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருப்பதை ஆப்பின் கணக்கில் கட்டிவிட்டு லாகின் பண்ணுவது நல்லது.

பரோட்டா ஆர்டரில் சால்னா கவரை ஹோட்டலிலேயே தூக்கிப் பாருங்கள். ரப்பர் பேண்ட் போட்ட இடத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் அங்கேயே மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். பைக்குள் ஒரு பழைய துண்டைச் சுருட்டி மூலையில் வைத்து, கவரை அதில் நிமிர்த்தி வைத்தால் சாயாது.

ஈரோட்டிலிருந்து:

நான் ஸ்கூட்டரில் ஓட்டுகிறேன். மத்தியானமும், சாயங்காலம் ஒன்பது மணி வரையும்தான். பெண்கள் யாராவது சேர நினைத்தால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கழிப்பறை. சில ஹோட்டல்களில் பார்சல் எடுக்க வருபவர்களை உள்ளேயே விடுவதில்லை. பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். என் ரூட்டில் சுத்தமாக இருக்கிற பங்குகளை மேப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.

பெருந்துறை ரோட்டில் ஒரு வீட்டில் அம்மாயி ஒருத்தர் கதவைத் திறந்து, "ஏங்கண்ணு, பொட்டப்புள்ள இந்த வேலைக்கா வந்த?" என்றார். "ஆமாங்கம்மாயி, பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டோணும்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பார்சலை வாங்கிக்கொண்டு, உள்ளே திரும்பிப் பேரனிடம், "கீழ எறங்கிப் போயி வாங்குனா என்னடா, அந்தப் புள்ள ரெண்டு மாடி ஏறி வருது" என்று சத்தம் போட்டார். அப்புறம் அந்த வீட்டு ஆர்டர் வந்தால் அந்தப் பையன் கேட்டிலேயே நிற்கிறான்.

மறுபடியும் கோயம்புத்தூரிலிருந்து:

தங்கச்சி சொன்னது நல்ல விஷயம், பங்குகளின் பட்டியலை இங்கேயும் போடுங்கள்.

இன்னொன்று. 2023 கடைசியில் தமிழக அரசு நம்மைப் போன்றவர்களுக்கு நலவாரியம் தொடங்கியது, அதில் பதிந்துகொள்ளுங்கள். 2025 பட்ஜெட்டில் மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்ததும் வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான். ஆப்பில் இருக்கிற விபத்துக் காப்பீட்டில் நாமினி பெயரை முதல் நாளே போடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள்.

ஐடி போட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்பு என்று வாட்சப்பில் யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள். ஆப்பை இறக்கி நேராகச் சேருங்கள். சந்தேகம் என்றால் இங்கேயே கேளுங்கள், மத்தியான ரஷ் முடிந்து மூணு மணிக்குமேல் பதில் சொல்கிறேன்.