சூடானால் நின்றுபோகும் வண்டி: உங்கள் அனுபவம் என்ன?

1969, 650 சிசி இரட்டை சிலிண்டர், 12 வோல்ட்

என் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிடும். இருபது நிமிடம் ஓடியதும் இருமத் தொடங்கும், பிறகு அடங்கிப்போகும். கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். கேட்டவர்கள் எல்லோரும் "காயில்தான்" என்றார்கள், அதாவது பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள். மாற்றினேன். பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர், பிளக் எல்லாம் புதிது. பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி எழுப்பும் தொடுமுனைகள்) இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தேன். ஒரு பாவமும் அறியாத கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினேன். இருமல் மட்டும் போகவில்லை.

மல்டிமீட்டரைக் கையில் எடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் பக்கம் ஃபியூஸ், சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்குப் போகிறது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்படி என்ஜினைத் திருப்பிவைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் காயில் நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. குளிர்ந்த வண்டியில் 0.9 காட்டியது. இருமி நின்ற கையோடு அளந்தால் 3.1! கால்வாசி வோல்ட்டேஜ் காயிலுக்கு வந்து சேரவே இல்லை.

அடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த தனி ஒயர் ஒன்றை நேராகக் காயிலுக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடியும் இருமவில்லை. (இந்த ஒயரைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்தாலும் காயிலில் மின்சாரம் நிற்காது; பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வெந்துவிடும்.) பிறகு ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே வந்தேன். ஃபியூஸ் சரி, சுவிட்ச் சரி. பெட்ரோல் டேங்குக்கு அடியில், முன்பு வைத்திருந்தவர் முறுக்கி டேப் சுற்றிய ஓர் ஒட்டு. என்ஜின் சூடு அங்கே ஏற ஏற, பச்சை பூத்த அந்தச் செம்பு பிடியை விட்டிருக்கிறது. வெட்டி எறிந்து புது ஒயர் போட்டேன். இப்போது 0.3.

1950-களின் மேக்னெட்டோ வண்டி

எங்கள் கதை வேறு. என்ஜின் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குத் தீப்பொறி தரப் பேட்டரியே வேண்டாம் என்பதால் உங்கள் சோதனை இங்கே உதவாது. என் வண்டி இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் நிற்கும். வலப்பக்கம் எவ்வளவு வளைத்தாலும் ஓடும்! அதனுள் சுழலும் ஆர்மேச்சரைக் கழற்றிப் புதிதாகச் சுருள் சுற்றக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளை, அதற்குமுன் என்ஜினை அணைக்கும் பொத்தானின் ஒயரை மேக்னெட்டோ பக்கம் கழற்றிப் பார்த்தேன். கோளாறு அதோடு போயிற்று. ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் தோலுரிந்த அந்த ஒயர் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. தொட்டால் தீப்பொறி எர்த்துக்குப் போய்விடுமே.

சூடானபின் மட்டும் கிளம்ப மறுக்கும் மேக்னெட்டோ என்றால் முதலில் உள்ளே இருக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். ஆர்மேச்சரோடு சேர்ந்தே இருப்பதால் அது வெளியிலிருந்து மாற்றும் வேலை அல்ல.

1968, 12 வோல்ட்

என் வண்டிக்கு இருமலே இல்லை, பல்புகளைத்தான் தின்றது. பேட்டரியும் கொதித்து அமிலம் கக்கியது. மிஞ்சும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பி வெப்பமாக்குவது ஜெனர் டயோடின் வேலை. சட்டத்துக்கு ஆசையாகப் பவுடர் கோட்டிங் செய்தபோது, டயோடின் அலுமினியத் தாங்கி உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பூசியிருக்கிறேன். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, எர்த்தே இல்லை! அங்கே உலோகம் தெரியச் சுரண்டி, தனி எர்த் ஒயரும் போட்டேன். அதன்பின் பல்பு போகவில்லை.

1969, 650 சிசி, மறுபடியும்

போன வருடம்தான் என் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்தேன், எர்த் இணைப்பு உட்காரும் இடங்கள் உட்பட. இன்று மாலை உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுகிறேன்.