கிளிங்லர் முறையில் மூளையைப் பதப்படுத்தும்போது மின்தடை ஏற்பட்டால்?

கேள்வி: அறுவைப் பயிற்சி மருத்துவர், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். மூளையின் உட்பகுதியான வெண்பொருளின் நார்க்கற்றைகளைப் பிரித்துப் பழகுவதற்காக, தானமாக வந்த ஒரு மூளையைக் கிளிங்லர் முறையில், அதாவது ஃபார்மலினில் ஊறவைத்துப் பின் உறைய வைத்து, தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்துள்ளது. நான்கு வாரமாக அது, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊறுகிறது. அடுத்து எட்டு முதல் பத்து நாள் உறைய வைக்க வேண்டும். லோட் ஷெடிங் வந்து ஃப்ரீசர் நின்று, இடையில் பனி இளகிவிட்டால் மாதிரி வீணாகிவிடுமா?

மறுமொழி: உடற்கூறியல் ஆய்வுக்கூட ஊழியர், ஜோகன்னஸ்பர்க்

வீணாகாது, டாக்டர். பாசல் நகரத்து யோசெஃப் கிளிங்லர் 1930-களில் கண்டது இதுதான்: நார்களுக்கிடையே புகுந்த நீர் உறைந்து விரியும்போது அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாக விலக்கிவிடுகிறது. ஆகவே இளகி மீண்டும் உறைவதால் கேடில்லை. பிரிய மறுக்கும் மூளையை வேண்டுமென்றே மறுமுறை உறைய வைப்பவர்களும் உண்டு. திசு ஏற்கெனவே ஃபார்மலினில் கெட்டிப்பட்டிருப்பதால் சில மணி நேர மின்தடையில் அழுகாது, ஆனால் காற்றில் உலர்ந்தால் நொறுங்கும் என்பதால் இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். குளிர்நிலை மைனஸ் 10 முதல் மைனஸ் 15 பாகை செல்சியஸ் போதும்.

என் கவலை மின்சாரத்தைப் பற்றியதன்று, அதற்கு முந்தைய படியைப் பற்றியது. மூளையை, அதன் அடிப்பக்கத்தில் ஓடும் பேசிலர் தமனியில் நூல் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டீர்களா, அல்லது வாளியின் அடியில் கிடந்ததா? கிடந்திருந்தால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அதை எந்தக் குளிரும் சீராக்காது. பத்து விழுக்காடு ஃபார்மலின் என்பது கடையில் வாங்கும் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தது. அதில் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ நான்கு விழுக்காடுதான். அது உள்ளே மெதுவாகவே ஊறும் என்பதால், நானாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்பேன். உறைய வைப்பதற்கு முன் மூளையைப் போர்த்திய சிலந்தியுறையையும் மென்னுறையையும் இரத்தக் குழாய்களோடு உரித்தெடுத்து, ஓடும் நீரில் சில மணி நேரம் அலசுங்கள். 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. ஆவியை வெளியே இழுக்கும் வசதி இல்லாத அறையில் தொடவே வேண்டாம்.

மறுமொழி: நரம்பியல் அறுவை மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மேற்சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மெல்லிய மரத்தகட்டால் நார் ஓடும் திசையிலேயே உரிக்க வேண்டும். கூரிய கத்தியோ, உண்மையில் இல்லாத கற்றைகளையும் உருவாக்கிக் காட்டிவிடும். மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலில், பார்வை நார்கள் வளைந்து செல்லும் மேயர் வளைவைத் தேடிப் பிடிப்பதுதான் உங்களுக்கு உண்மையான பயன் தரும், ஏனெனில் வலிப்பு நோய்க்கான அறுவையில் அது அறுபட்டால் நோயாளிக்கு எதிர்ப்பக்க மேல் பார்வைப் புலம் போய்விடும்.

கேட்டவர், டர்பன்

நன்றி ஐயா. மூளை தொங்கவிடப்பட்டுத்தான் இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் காத்திருக்கிறேன். பல நாள் பிரிக்க நேர்ந்தால் இடையில் எதில் வைப்பது?

மறுமொழி: ஆய்வுக்கூட ஊழியர், ஜோகன்னஸ்பர்க்

ஐந்து விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் வைத்து, ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் நீரில் நன்கு அலசிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் உரிப்பதற்கு முன் படம் எடுங்கள். பதினாறாம் நாள் கருமாதிக்கு முன் எல்லாம் முறைப்படி முடிய வேண்டும் என்று எண்ணும் நம் குடும்பங்களில் உடல் தானம் அரிது. இன்னொரு மூளை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, உரித்த அடுக்கை மீண்டும் ஒட்டவும் முடியாது.