ஏழாவது இன்னிங்குக்குப் பிறகும் இருங்கள்: பேஸ்பால் வசந்தகாலப் பயிற்சி அனுபவங்கள்

ஸ்கார்பரோ, கனடா

ரொறன்ரோவில் பனி வழித்து அலுத்துப்போன பெப்ரவரி நடுவில் ரீவியில் ஒரு வரி ஓடும்: பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) டனீடினுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதை கிடையாது. டனீடின், புளோரிடாவின் மேற்குக் கரையில் தம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். எங்கள் ரொறன்ரோவின் பேஸ்பால் அணியான புளூ ஜேய்ஸ், 1977இல் தொடங்கியதிலிருந்து சீசனுக்கு முந்தின வசந்தகாலப் பயிற்சிக்கு அங்கேதான் போகிறது. ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களின் மார்ச் விடுமுறையும் அங்கே நடக்கிற பயிற்சி ஆட்டங்களுக்கு நடுவில் வந்து விழும். அந்தக் கிழமை எந்த வரிசையில் இருந்தாலும் பக்கத்தில் ஒரு ஒன்ராறியோக் குடும்பம் இருக்கும். இரண்டு நாட்டுத் தேசிய கீதமும் பாடுவார்கள்.

"பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க யாராவது பிளேன் ஏறிப் போவானா?" என்று மச்சான் இன்றைக்கும் கேட்பார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவருக்கும் வரக்கூடிய கேள்விதான். வெற்றி தோல்வி கணக்கில் சேராது. ஒன்பது இன்னிங் (இரண்டு அணியும் ஒவ்வொரு தடவை அடித்து முடிப்பது ஒரு இன்னிங்) முடிந்து சமநிலை என்றால் சமநிலைதான், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஒரு பிட்சர் அடிவாங்கி நடுவில் வெளியேறி, அடுத்த இன்னிங்கில் திரும்ப வந்து வீசலாம். சீசன் நடக்கிற ஜூலையில் அப்படிச் செய்ய விடமாட்டார்கள். பெரிய ஆட்கள் இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டு ஐந்தாவது இன்னிங்கோடு உடுப்பு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களோடு கூட்டத்திலும் ஒரு பங்கு எழும்பிவிடும்.

நான் அங்கே போவதே அதற்குப் பிறகு வருகிற ஆட்டத்துக்காகத்தான். முகாம் தொடங்கும்போது அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மார்ச் முடிவில் பெரிய அணியில் 26 பேருக்குத்தான் இடம். அந்த 26இல் இருபதுக்கு மேற்பட்ட இடங்கள் முகாம் தொடங்க முன்னமே முடிவாகியிருக்கும். மிச்சத்துக்குத்தான் அடிபிடி. ஏழாவது இன்னிங்கில் முதுகில் 80, 90 என்று எண் போட்ட பொடியன்கள் இறங்குவார்கள். சிலருக்கு ஜெர்சியில் பெயரே இருக்காது. 2023க்கு முன்னம் சீசன் தொடங்கும்வரை இவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஆனால் அடித்தவுடன் ஓடிச் சேரவேண்டிய முதலாம் பேஸுக்கு அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நேராக ஃபீல்டரின் கைக்குப் போகிற பந்துக்குக்கூட உயிரைக் கொடுத்து ஓடுவார்கள்.

ஒருநாள் பின்னேரம், எட்டாவது இன்னிங். பெயரில்லாத ஜெர்சியோடு ஒரு பொடியன் அடிக்க வந்தான். எனக்கு முன்வரிசையில் ஹாமில்டனில் இருந்து வந்த ஒரு வயோதிபத் தம்பதி. ஒவ்வொரு ஆளையும் பட்டியலில் பார்த்துப் பேனையால் குறிக்கிற ஆட்கள். அவர்களும் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்கள். அந்த எண்ணே அதில் இல்லை. பொடியன் இரண்டாவது பந்தை இடதுபக்க இடைவெளியில் அடித்தான். இரண்டாம் பேஸில் வயிற்றால் சறுக்கி எழும்பி, நெஞ்சிலிருந்த செம்மண்ணைத் தட்டவும் மறந்து தன் அணியினர் இருக்கிற டக்-அவுட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே கம்பியில் சாய்ந்திருந்த எல்லாரும் கத்தினார்கள். எனக்கு வலதுபக்கம் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார், கை நடுங்கியது. அவனுடைய தகப்பன். காலையில் யாருக்கோ காய்ச்சல் என்று மைனர் லீக் (பெரிய அணிக்குக் கீழே உள்ள அணிகள்) முகாமிலிருந்து மகனை ஒருநாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். செய்தி கிடைத்தவுடன் மனிதர் ஜோர்ஜியாவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "அடித்தது பதிவாகியிருக்கா?" என்று என்னிடம் கைபேசியை நீட்டினார். பாதிக்கு மேல் வானம்தான் பதிவாகியிருந்தது. பந்து பட்ட சத்தம் மட்டும் வடிவாகக் கேட்டது. அதுவே காணும் என்றார்.

மறுநாள் காலை அந்தப் பொடியன் மைனர் லீக் முகாமுக்குத் திரும்பியிருப்பான். அதுதான் நடைமுறை.

2025 மார்ச்சில் போவதா விடுவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அமெரிக்கா-கனடா வரிச்சண்டையால் அந்த வருடம் கனபேர் அமெரிக்கப் பயணத்தையே தவிர்த்தார்கள். என் தங்கச்சி குடும்பமும் ரிக்கெற்றை விட்டுவிட்டது. நான் போனேன். அங்கே எங்கு பார்த்தாலும் எங்கள் அணியின் நட்சத்திரம் விளாடிமிர் குரேரோ ஜூனியரின் கதைதான். முழு அணியின் பயிற்சி தொடங்க முன்னம் ஒப்பந்தம் முடிய வேண்டும் என்று அவர் வைத்த கெடு பெப்ரவரியிலேயே கடந்துபோயிருந்தது. ஆள் போய்விடுவார் என்று கோப்பிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சண்டை பிடித்தார்கள். ஏப்ரலில் 14 வருடத்துக்கு 50 கோடி டொலர் என்று கையெழுத்தானது. அவ்வளவு கத்தினவர்களை அதற்குப் பிறகு காணவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஏப்ரலில் ட்ரே யெசாவேஜ் என்ற இளம் பிட்சர் இருந்தது அதே டனீடினில், லோ-ஏ என்கிற கீழ்ப்படி அணியில். ஒரே சீசனில் வான்கூவர், நியூ ஹாம்ப்ஷர், பஃபலோ என்று எல்லாப் படியும் ஏறி, செப்டெம்பரில் ரொறன்ரோவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஒக்டோபரில் சாம்பியனைத் தீர்மானிக்கிற உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலஸில்: 12 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்து அடிப்பவர் வெளியேறுவது). உலகத் தொடரில் எந்தப் புதுமுகமும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. ஏர்னி கிளெமென்ட் இன்னொரு கதை. 2023இல் ஓக்லண்ட் அணி வேண்டாம் என்று விட்ட ஆளை மைனர் லீக் ஒப்பந்தத்தில் நாங்கள் எடுத்தோம். 2025 போஸ்ட்-சீசனில் (சீசன் முடிந்தபிறகு நடக்கிற சாம்பியன் சுற்றுகள்) 30 ஹிட் (அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேருவது) அடித்தார், ஒரே போஸ்ட்-சீசனில் அது சாதனை. அந்த உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை லொஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றதைப் பற்றி இங்கே ஒருவரும் கதைக்க வேண்டாம். 11 இன்னிங், 5-4. போதும்.

---

சன்னிவேல், கலிபோர்னியா

ஏழாவது ஆட்டம் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் டாட்ஜர்ஸை உங்களைவிட அதிகம் வெறுப்பவன் நான், அவர்களுடைய பரம எதிரியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் ரசிகன் என்பதால்.

நண்பர் சொன்ன கடைசி மூன்று இன்னிங் விஷயத்தில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் புளோரிடா எனக்கு ஒத்துவராது. அங்கே ஃபோர்ட் மையர்ஸ், லேக்லண்ட், ஜூப்பிட்டர் என்று மைதானங்கள் திசைக்கொன்றாக இருக்கின்றன. பாதி நாள் ஹைவேயில் போய்விடும். மற்றப் பாதி அணிகள் பயிற்சி எடுக்கும் அரிசோனாவில் 15 அணிகளும் பத்து மைதானங்களும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருக்கின்றன. மதியம் ஒரு ஆட்டம், சாண்ட்லரில் தோசை, ராத்திரி இன்னொரு ஆட்டம் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். எங்கள் ஸ்காட்ஸ்டேல் மைதானம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. ஹோட்டலிலிருந்து நடந்தே போகலாம்.

எனக்குப் பிடித்தது ஆட்டத்துக்கு முன்னால் வரும் காலைப்பொழுது. சொன்னால் என் அணிக்காரர்கள் அடிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: காலைப் பயிற்சி பார்க்கச் சிறந்த இடம் கிளெண்டேலில் இருக்கும் டாட்ஜர்ஸ் முகாம்தான். வைட் சாக்ஸும் அவர்களும் சேர்ந்து 2009 முதல் பயன்படுத்தும் வளாகம், நடுவில் ஒரு ஏரி. ஜப்பானிய நட்சத்திரம் ஒடானி அவர்களிடம் வந்த 2024 வசந்தத்தில் என் ஜயன்ட்ஸ் ஆரஞ்சுத் தொப்பியைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு போனேன். ஜப்பானியப் பத்திரிகையாளர்கள் வேலி ஓரம் வரிசைகட்டி நின்றார்கள். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய, நான் அடுத்த களத்துக்கு நழுவினேன். அங்கே நாலைந்து பிட்சர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தார்கள். டிவியில் 97 மைல் என்று எண் போடுவார்கள்; அது வெறும் எண். பத்தடி தள்ளி வேலிக்குப் பின்னால் நின்றால் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் சீறல் முதலில் கேட்கும், அப்புறம் கேட்சரின் கையுறையில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கேட்சர் ஒரு வார்த்தை சொல்வார், பயிற்சியாளர் கையில் இருக்கும் ஐபேடைக் காட்டுவார், பிட்சர் தலையை ஆட்டுவார். அன்று பார்த்ததில் ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே ஒரு வகைப் பந்தையே வீசிக்கொண்டிருந்தார், பாதி தரையில் குத்தியது. மார்ச்சில் ஒரு பிட்சர் அடிவாங்கினால் நான் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான். அவர் அன்று ஜெயிக்க வந்திருக்க மாட்டார். குளிர்காலத்தில் கற்றுக்கொண்ட புதுப் பிடியைச் சோதிக்க வந்திருப்பார்.

ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை, விதிகளும் இங்கேதான் பழகுகின்றன. வீசுபவரும் அடிப்பவரும் தயாராக நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்தது 2023இல். பியோரியாவில் நடந்த முதல் நாள் ஆட்டத்தில் சான் டியேகோ அணியின் மானி மச்சாடோ நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் ஒரு ஸ்ட்ரைக் கொடுத்தார். மறுநாள் புளோரிடாவில் பாஸ்டனும் அட்லான்டாவும் 6-6. கடைசி இன்னிங், பேஸ் எல்லாம் நிறைந்திருக்க, அடிப்பவர் நேரம் தவறியதால் மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது. 2025 வசந்தத்தில் ஆட்டக்காரர் தன் தொப்பியைத் தட்டி அம்பயரின் முடிவைக் கேள்வி கேட்கும் முறையைச் சோதித்தார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது. கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, ஆனால் இது சராசரியாகப் பதினாலு நொடியில் முடிந்துவிடுகிறது.

டிக்கெட் வாங்கும் முன் ஒன்று. வெளி மைதானத்துக்குப் போகும் அணி வழக்கமான ஆட்டக்காரர்களில் நான்கு பேரையாவது கூட்டிப்போக வேண்டும் என்று விதி உண்டு. நான்கு என்றால் நான்குதான் வருவார்கள். சில நாள் அணியை இரண்டாகப் பிரித்து இரண்டு ஊரில் ஆடவும் வைப்பார்கள். குறிப்பிட்ட ஒருவரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சொந்த மைதான ஆட்டத்துக்கே போங்கள்.

---

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

எங்கள் வீட்டில் பேஸ்பால் பைத்தியம் என் மகனுக்கு மட்டும்தான். நான் வண்டி ஓட்டவும் சன்ஸ்கிரீன் தடவிவிடவும் போகிறவள். எங்கள் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி பயிற்சி எடுப்பது அரிசோனாவில் சர்ப்ரைஸ் என்ற ஊரில். ஊர்ப் பெயரே அதுதான், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவன் பள்ளியில் பேஸ்பால் ஆடும் இந்தியப் பையன் அவன் ஒருவன்தான். அதனால் ரேஞ்சர்ஸ் பிட்சர் குமார் ராக்கர் என்றால் அவனுக்கு உயிர். அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர், பயிற்சியாளர். அம்மா இந்திய வம்சாவளி. குமார் என்ற பெயர் வந்தது அந்த வழியில்தான். கல்லூரியில் 2019இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்டும் விடாமல் 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர். 2022இல் அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, அப்புறம் முழங்கையில் அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில்தான் பெரிய அணியில் முதல் ஆட்டம். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, காரில் போக வர கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

வேலி ஓரம் நின்றிருந்தோம். பின்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா "குமார்! குமார்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் அப்பார்ட்மென்டில் எத்தனை குமார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகன் என்னை முறைத்தான். அன்று அவனுக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. அதற்கு முன்பே பிட்சர்கள் வேறு களத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே, எப்போது நின்றால் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

---

ஸ்கார்பரோ, கனடா

சன்னிவேல் தம்பி, தம்பாவைச் சுற்றி மட்டும் பாருங்கள். எங்கள் மைதானத்திலிருந்து பிலீஸ் அணியின் கிளியர்வாட்டர் மைதானம் ஒரு எட்டு, யாங்கீஸ் அணி குடாவுக்கு அந்தப்பக்கம். பாதி நாள் ஹைவேயில் போகாது. மற்றதில் சண்டைக்கு வரவில்லை.

ஃபிரிஸ்கோ தங்கச்சிக்கு: ஆட்டம் முடிந்தபிறகு நிற்க வேண்டாம், அப்போது ஆட்களே இருக்கமாட்டார்கள். வாசல் திறந்தவுடன் போய், களத்தில் இறங்குகிற பக்கமாக முன்வரிசை ஓரத்தில் நில்லுங்கள். கையுறையோடு தனியாக நடந்து வருகிறவரைக் கேட்கலாம்; ஓட்டப்பயிற்சிக்குப் போகிறவரைக் கேட்கவே கூடாது. மகனை முன்னுக்கு விட்டு நீங்கள் பின்னுக்கு நில்லுங்கள், பெரியவர்கள் நீட்டினால் விற்கத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துக் கனபேர் கையெழுத்துப் போடமாட்டார்கள். பந்துக்கு மார்க்கர் வேண்டாம், தோலில் மை பரவி ஒரு வருடத்தில் எழுத்தே தெரியாமல் போய்விடும். நீல போல்பொயின்ற் பேனை இரண்டு கொண்டுபோங்கள், ஒன்றை யாராவது கட்டாயம் இரவல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.